பத்தியத்துக்குத் துணை

கல்கத்தாவில், டாக்குரியா ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில், ஒரு வங்காளி வீட்டின் முதல் மாடியில் நாங்கள் குடியிருந்தோம். நான், என் கணவர், எட்டு வயதில் ஒரு பெண். அவருக்கு அலிப்பூரில் ஒரு வங்கிக் கிளையில் அதிகாரி உத்தியோகம். இரண்டு பேருக்கும் ஊர் திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகிப் பத்து வருடமாகியிருந்தது. எனக்கு முப்பத்து நாலு வயது, அவருக்கு நாற்பத்தொன்று. எழுபதுகளின் நடுவில் நடந்தது இது.

அந்த வருடம் மழைக்காலம் முடிந்தும் எனக்குச் சோர்வு தீரவில்லை. கடைக்குப் போய்விட்டு மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார வேண்டியிருந்தது. கரியாஹாட்டில் ஒரு டாக்டரின் சேம்பருக்கு அவர் என்னை அழைத்துப்போனார். வயதான வங்காளி டாக்டர். என் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார். பிறகு பக்கத்து நாற்காலியில் சட்டைப் பொத்தான் பிதுங்க உட்கார்ந்திருந்த என் கணவரையும் ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை உண்டா என்று கேட்டார். என் மாமனாருக்கு உண்டு. புண் ஆறாமல் ஒரு காலை எடுத்து, அதன் பிறகு ஒரு வருடம்கூட அவர் இருக்கவில்லை. அதை நான்தான் சொன்னேன். என் கணவர் சொல்லவில்லை.

இரண்டு பேருமே ரத்தம் கொடுங்கள் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். மறுநாள் காலை வெறும் வயிற்றோடு போனோம். ரத்தம் எடுத்த பிறகு ஆளுக்கு ஒரு தம்ளர் குளுகோஸ் தண்ணீர் கொடுத்தார்கள். பெஞ்சில் காத்திருந்து மறுபடி கையை நீட்டினோம். ரிப்போர்ட்டை நானே வாங்கி டாக்டரிடம் காட்டிவிட்டு வருகிறேன், நீ அலைய வேண்டாம் என்றார் என் கணவர்.

இரண்டு நாள் கழித்து, சாயங்காலம் வந்து கைகால் கழுவிவிட்டு அடுக்களை வாசலில் நின்றார்.

"எனக்கு ஒண்ணும் இல்லையாம். உனக்குத்தான் கொஞ்சம் கூடுதலா இருக்காம்."

"கூடுதலான்னா? மாமாவுக்கு இருந்த மாதிரியா?"

"சே, அப்படி இல்ல. இன்னும் வியாதின்னு சொல்ல முடியாதாம். பார்டர்ல நிக்கிதுன்னு சொல்லுதாரு. இப்பமே சாப்பாட்டைக் கட்டுப்படுத்தினா மாத்திரையே வேண்டாமாம். பயப்படாதே."

சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். எதை உண்ணலாம், எதை உண்ணக்கூடாது என்று ஆங்கிலத்திலும் வங்காளியிலும் உருட்டச்சில் அடித்த தாள். மேலே யார் பெயரும் இல்லை. கூடவே ஒரு மாத்திரைப் புட்டி. சத்துக்கு என்றார். ரிப்போர்ட் எங்கே என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. மாமனாரின் வெட்டுப்பட்ட காலைத்தான் நினைத்துக்கொண்டேன். அடுப்பை அணைத்துவிட்டு அழுதேன்.

அவர் என் தலையில் கைவைத்துச் சொன்னார்: "நீ ஒருத்தியா பத்தியம் இருக்க வேண்டாம். நீ எதைச் சாப்பிடுதியோ அதையேதான் நானும் சாப்பிடப் போறேன். உனக்கு இல்லாத சோறு எனக்கும் வேண்டாம்."

அந்தப் பத்து வருடத்தில் நான் அவரை அவ்வளவு நேசித்த நிமிஷம் வேறு இல்லை. இதையும் எழுதத்தான் வேண்டும். மற்றதையெல்லாம் எழுதிவிட்டு இதை விட்டால் பொய்யாகிவிடும்.

மறுநாளே என் அடுக்களை மாறியது. சோறு குழந்தைக்கு மட்டும் ஒரு சின்னப் பாத்திரத்தில் வெந்தது. எங்களுக்கு ரேஷன் கோதுமையை மில்லில் கொடுத்து, தவிடு சலிக்காமல் அரைத்த மாவில் சப்பாத்தி. அதுவரைக்கும் நான் சப்பாத்திக் கட்டையைத் தொட்டதில்லை. முதல் மாதம் என் சப்பாத்திகள் அப்பளம் மாதிரி உடைந்தன. உருளைக்கிழங்கு வீட்டுக்குள் வருவது நின்றது. அதற்குப் பதில் பட்டோல், சுரைக்காய், நாளுக்கொரு பாகற்காய். கோதுமை ரவையில் இட்லி அவித்தேன். சொதிக்குத் தேங்காய்ப் பால் கூடாதென்று பாசிப்பருப்பு நீரில் சொதி வைத்தேன். அதைச் சொதி என்று ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். வெந்தயத்தை ஊறவைத்துக் காலையில் இரண்டு பேரும் முழுங்கினோம். காபிக்குச் சர்க்கரை கிடையாது. சாயங்காலம் ஏரிக்கரையில் ஒரு சுற்று நடை.

அவர் ஒரு நாள்கூட முகம் சுளிக்கவில்லை. "நல்லாத்தான் இருக்கு, இன்னும் ஒண்ணு போடு" என்று பாகற்காய்க் கூட்டைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இடுப்புச் சுற்றளவு குறைந்து, கால்சட்டையைத் தையற்காரரிடம் கொடுத்துப் பிடித்துக்கொண்டார். எனக்காக இப்படி இளைக்கிறாரே என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

கீழ்வீட்டு மாஷிமா, எங்கள் வீட்டுக்காரம்மாள், விஜயதசமிக்கு மறுநாள் தட்டு நிறையச் சந்தேஷ் இனிப்பு கொண்டுவந்தாள். நான் காரணம் சொன்னேன். உன் கணவருக்காவது கொடு என்றாள். அவர் உள்ளேயிருந்து வந்து, இவள் சாப்பிடாதபோது நான் எப்படிச் சாப்பிடுவது என்று தனக்குத் தெரிந்த வங்காளியில் கேட்டார். மாஷிமா கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள். "எமொன் ஷாமி கொஜொனேர் ஹொய்!" இப்படி ஒரு புருஷன் எத்தனை பேருக்கு வாய்க்கும் என்று அந்தத் தெரு முழுக்கச் சொன்னாள். என் அம்மா ஊரிலிருந்து யாரோ வருகிறவர்களிடம் அல்வா கொடுத்துவிட்டிருந்தாள். நெய் கசிந்த அந்தப் பொட்டலத்தைப் பிரிக்காமலே மாஷிமாவிடம் கொடுத்தேன்.

ஒருமுறை நான் தவறினேன். பெண் பள்ளிக்கு அவசரமாகக் கிளம்பியதில் தட்டில் இரண்டு வாய்ச் சோறு மிச்சம் வைத்துவிட்டாள். பருப்பும் நெய்யும் பிசைந்த சோறு, உருண்டையாக அப்படியே இருந்தது. கதவைச் சாத்திவிட்டு நின்றபடியே தின்றேன். பிறகு நாலு நாள் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஐந்தாம் நாள் தாங்காமல் அவரிடம் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. "இனிமே அப்படிச் செய்யாதே. பிள்ளைக்கு அம்மா வேணும்லா?" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தை நான் இன்றைக்கும் தாண்டவில்லை.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு பேரும் ரத்தம் கொடுத்தோம். எனக்கு மட்டும் ஊசி குத்துவது அவருக்குப் பொறுக்காதாம், அதனால் அவரும் கூட. ரிப்போர்ட்டை வாங்கி, சேம்பரில் காட்டி, வீட்டுக்கு வந்து சொல்வது அவர் பொறுப்பு. "குறைஞ்சிருக்கு. ஆனா விட்டுடக்கூடாதுன்னு சொல்லுதாரு" என்பார். நான் இன்னும் கொஞ்சம் எண்ணெயைக் குறைப்பேன்.

இரண்டாவது வருடம் என் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஊரில் ஆசிரியப் பயிற்சி முடித்திருந்தாள். கல்கத்தாவிலேயே பெஹாலாவில் எங்களுக்குத் தெரிந்த ஒரு தமிழ்க் குடும்பம் இருந்தது. அவர்கள் பையன் இன்ஜினியர். ஜாதகம் பொருந்தி, போட்டோ கைமாறி, ஊருக்குப் போய்ப் பெண் பார்த்தும் விட்டார்கள். பிடித்திருக்கிறது என்று பையன் சொல்லியிருந்தான். தேதி குறிப்பதுதான் பாக்கி. தங்கை என் பக்கத்திலேயே வந்து குடியிருக்கப்போகிறாள் என்று எனக்கு ஒரே கொண்டாட்டம். அந்தப் பொங்கலுக்கு எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள்.

பையனின் அம்மா சர்க்கரைப் பொங்கல் பரிமாற வந்தாள். நான் வயிறு சரியில்லை என்று சொல்லித் தப்பிக்கலாமென்று இருந்தேன். அதற்குள் என் கணவர் தன் இலையின்மேல் கையை விரித்தார்.

"எனக்கும் வேண்டாம் அக்கா. இவளுக்குச் சுகர் பார்டர்ல இருக்கு. இவ சாப்பிடாதப்ப நான் மட்டும் எப்படிச் சாப்பிடுதது?"

அந்த அம்மாள் கரண்டியோடு நின்றாள். "இந்த வயசிலயா?" என்றாள் என்னைப் பார்த்து. அவள் கண் என் கால்வரை போய்த் திரும்பியது. பிறகு ரசம் வந்தது, மோர் வந்தது. பேச்சும் எப்போதும்போல நடந்தது.

மூன்று வாரத்தில் அப்பாவிடமிருந்து ஒரு கனத்த உறை வந்தது. பெஹாலாவிலிருந்து தனக்கு வந்த கடிதத்தை அதற்குள்ளேயே வைத்து அனுப்பியிருந்தார். "பெண்ணின் அக்காளுக்கு இந்த வயதிலேயே சர்க்கரை என்று அறிந்தோம். பரம்பரையாகத் தொடரும் என்று டாக்டர்கள் சொல்லுகிறார்கள். எங்களுக்கு ஒரே பையன். தவறாக நினைக்க வேண்டாம்." அப்பா கீழே ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: "உன் உடம்பைப் பார்த்துக்கொள்."

ஞாயிற்றுக்கிழமை. அவர் அடுக்களைத் தரையில் உட்கார்ந்து எனக்குப் பட்டாணி உரித்துத் தந்துகொண்டிருந்தார். கடிதத்தை நான் சத்தமாக வாசித்தேன். வாசித்து முடித்ததும், "என்னாலதான் அவளுக்கு இப்படி ஆயிட்டு" என்று சொல்லி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். அவர் பட்டாணி உரிப்பதை நிறுத்தவில்லை. ஒரு தோலை, இரண்டு தோலை, மூன்று தோலை உரித்தார்.

"விடு. அவங்களுக்குக் கொடுத்துவைக்கல" என்றார்.

அன்றைக்கே தங்கைக்கு நீளமாக எழுதினேன். நம் ரத்தத்தில் இது இருக்கிறதுபோலத் தெரிகிறது, நீயும் சோற்றைக் குறை, இனிப்பைத் தொடாதே, அக்காள் மாதிரி ஆகிவிடாதே என்று.

அதற்கப்புறம் ஆறேழு மாதம் போயிருக்கும். வழக்கம்போல ரத்தம் கொடுத்திருந்தோம். மறுநாளே அவரை ஆசன்சோல் கிளைக்குத் தணிக்கைக்கு அனுப்பிவிட்டார்கள். ரிப்போர்ட்டைத் திரும்பி வந்து நானே வாங்குகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமை பெண்ணுக்குப் பள்ளிக்கூடச் செருப்பு வாங்கக் கரியாஹாட் போனேன். லேப் எதிரிலேயே இருந்தது. அவருக்கு ஒரு அலைச்சல் மிச்சமாகட்டுமே என்று உள்ளே போய்க் கேட்டேன். இரண்டு உறைகளைக் கொடுத்தார்கள்.

வெளியே வந்து டிராம் நிற்கும் இடத்தில் நின்று பிரித்தேன். என் பெயர் போட்ட தாளில் எல்லாம் சாதாரண அளவுக்குள் என்று எழுதியிருந்தது. அவர் பெயர் போட்ட தாளில் சாப்பிட்ட பிறகு எடுத்த அளவு சற்றே மேலே, சிவப்புப் பென்சிலால் சுழித்திருந்தது. லேப்காரன் மாற்றிவிட்டான் என்றுதான் நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு டாக்டர் சேம்பருக்கு நடந்தேன், இப்படிக் கவனமில்லாமல் இருக்கிறார்களே என்று புகார் சொல்ல.

டாக்டர் கூட்டமில்லாமல் இருந்தார். இரண்டு தாளையும் வாங்கிப் பார்த்தார். மர டப்பாவிலிருந்து ஒரு அட்டையை உருவி ஒத்துப்பார்த்தார். ஆங்கிலமும் வங்காளியும் கலந்து நிதானமாகச் சொன்னார்.

"மாறவில்லை அம்மா. இது உங்கள் கணவருடையதேதான். வந்த புதிதில் எங்கே இருந்தது, இப்போது எங்கே இறங்கியிருக்கிறது பாருங்கள். இன்னும் கொஞ்சம்தான்."

"அப்படியானால் எனக்கு?"

அவர் என் தாளை மறுபடி பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். "ஆப்னார் தோ கிச்சுய் ஹொய்னி, மா." உங்களுக்குத்தான் எதுவுமே வரவில்லையே அம்மா. "முதலில் வந்தபோது ரத்தம் குறைவாக இருந்தது. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தேன். சாப்பிட்டீர்கள் அல்லவா?"

சாப்பிட்டேன். அந்தப் புட்டி தீரத் தீர அவர் தவறாமல் வாங்கிவந்தார்.

நான் பேசாமல் இருந்ததை டாக்டர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்போலும். "உங்களைப் போலச் சமைத்துப்போட வீட்டில் ஆள் இருந்தால் எனக்குப் பாதி வேலை மிச்சம். ஒவ்வொரு தடவையும் அவர் சொல்வார், என் மனைவி எனக்காகத் தானும் சோற்றை விட்டுவிட்டாள் என்று. சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கும்."

தாள்களை வாங்கிக்கொண்டு நமஸ்காரம் சொன்னேன். வெளியே வந்தபோது கால் நடந்தது. எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை. "மா, பாடி தோ ஓதிகே!" வீடு அந்தப் பக்கம் என்று பெண்தான் இழுத்துத் திருப்பினாள். வழியில் ஒரு இனிப்புக் கடையில் நுழைந்து நாலு சந்தேஷ் கேட்டேன். பெண் ஒன்றைத் தின்றாள். நான் ஒன்றை வாயில் போட்டேன். திகட்டியது. இரண்டு வருடத்துக்கு முன் ஆசையாக ஐந்தாறு தின்றவள் நான். முழுங்க முடியாமல் இலைத் தொன்னையில் துப்பினேன். என் நாக்கைக்கூட என்னைக் கேட்காமல் மாற்றியிருந்தார்.

சனிக்கிழமை மத்தியானம் அவர் வந்தார். சோறு வடித்து, உருளைக்கிழங்கு வறுத்து, பாயசம் வைத்துத் தட்டில் பரிமாறினேன். அவர் உட்கார்ந்து தட்டைப் பார்த்தார்.

"என்ன விசேஷம்?"

"ஒண்ணுமில்ல. எனக்குச் சுகர் இல்லையாம். அதான் கொண்டாடுதேன். நீங்களும் கூடச் சாப்பிடணும்லா?"

உறைகளைத் தட்டின் ஓரத்தில் வைத்தேன். அவர் அவற்றைத் தொடவில்லை. சோற்றில் கைவைக்காமல் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார்.

"மொதல்ல லேப்காரன் மாத்திட்டான்னுதான் நெனச்சேன். டாக்டர்ட்டயே போய்க் கேட்டேன். எதுக்காக இப்படிச் செஞ்சீங்க?"

தெருவைப் பார்த்தபடியே சொன்னார். "அப்பாவை எல்லாரும் எப்படிப் பாத்தாங்கன்னு எனக்குத்தான் தெரியும். ஆபீஸ்ல தெரிஞ்சா வெளியூர்ப் பொறுப்பு தரமாட்டான். எனக்குன்னு சொல்லியிருந்தா ஒரு மாசத்துல விட்டிருப்பேன். உனக்குன்னு சொன்னா நீ விடமாட்டே. உன்னைப் பாத்து நானும் இருந்துடலாம்னு…" என் பக்கம் திரும்பி, "உனக்கும் நல்ல சாப்பாடுதானே? கெடுதல் ஒண்ணும் ஆகலயே" என்றார்.

"என் தங்கச்சி?"

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தக் கடுதாசியை நான் வாசிக்கையில பட்டாணி உரிச்சிட்டு இருந்தீங்களே. அப்பம்கூடவா வாய் வரல?"

அவர் அழுதார். ஆண் அழுவதை நான் அதுவரை பார்த்ததில்லை. எனக்கு இரக்கம் வரவில்லை. டாக்டரிடம்கூடக் கண் கலங்குவார் என்பதுதான் நினைவு வந்தது.

ஒன்றே ஒன்று கேட்டேன். நடந்ததை நடந்தபடி அப்பாவுக்கு உங்கள் கையால் எழுதுங்கள் என்று. சரி என்றார். நாலு நாள் மேஜையில் உட்கார்ந்து எழுதினார், கிழித்தார், எழுதினார். தானே தபாலில் சேர்த்துவிட்டு வந்து, "எழுதிட்டேன்" என்றார். எனக்குக் கொஞ்சம் மனம் இளகியது. அன்றைக்கு அவர் தட்டருகில் உட்கார்ந்தேன்.

பத்து நாளில் அப்பாவின் பதில் எனக்கு வந்தது. "ஆய்வுக்கூடத்தில் ரிப்போர்ட் மாறிப்போனதால் இரண்டு வருஷம் நீ வீணாக அவதிப்பட்டதை மாப்பிள்ளை எழுதியிருந்தார். தன் உடம்பைப் பற்றி ஒரு வரியோடு விட்டுவிட்டு உன்னை நினைத்து மிகவும் வருந்தியிருக்கிறார். தங்கமான மனிதர். நீ கொடுத்துவைத்தவள்."

லேப்காரன் மாற்றிவிட்டானென்று நான் சொன்ன வார்த்தையை எடுத்தே என் கணவர் அந்தப் பொய்யையும் கட்டியிருந்தார். முதல் பொய்யைப் பயத்தில் சொன்னார் என்று என்னால் என்றைக்காவது சமாதானம் செய்துகொள்ள முடிந்திருக்கும். இரண்டாவதை, எல்லாம் தெரிந்த என்னை எதிரே வைத்துக்கொண்டே சொன்னார். அப்பாவின் கடிதத்தை அவரிடம் காட்டவில்லை. அவரும் பதில் வந்ததா என்று கேட்கவில்லை.

அப்பாவுக்கு நான் மறுத்து எழுதவில்லை. அவருக்கு அப்போதே நெஞ்சு வலி இருந்தது. தங்கைக்கு மட்டும் எல்லாவற்றையும் எழுதினேன். அவளிடமிருந்து பதில் வரவில்லை. பெஹாலாப் பையனுக்கு அதற்குள் வேறு இடத்தில் கல்யாணம் ஆகியிருந்தது.

சமையலை நான் மாற்றவில்லை. அவருக்குச் சப்பாத்தி, பாகற்காய், வெந்தயம் எல்லாம் வேளை தவறாமல் நடந்தது. என் பெண்ணின் அப்பாவுடைய காலை எடுக்கும்படி ஆக நான் விடமாட்டேன். ஆனால் எனக்கென்று ஒரு ஆழாக்கு அரிசி கூட வைத்தேன். பெண்ணோடு முதலில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, பிறகு அவருக்குப் பரிமாறினேன். தனியாகச் சாப்பிடப் பழகிக்கொண்டார். அவர் ஆசைப்பட்ட வெளியூர்ப் பொறுப்பும் கிடைத்தது. மாதத்தில் பாதி நாள் வெளியூரில் இருந்தார். கையில் என் சப்பாத்திப் பொட்டலத்தோடுதான் போனார்.

தங்கைக்கு அடுத்த வருடம் மதுரையில் கல்யாணம் ஆனது. எண்பதுகளின் தொடக்கத்தில் அவள் கைக்குழந்தையோடு எங்களைப் பார்க்கக் கல்கத்தா வந்தாள். அதுவரை நாங்கள் அதைப் பற்றி நேரில் பேசியதே இல்லை. ஒரு பிற்பகல் குழந்தையைத் தூங்கப்பண்ணிவிட்டு அவளே ஆரம்பித்தாள்.

"உன் லெட்டருக்குப் பதில் போடலைன்னு கோவமாக்கா?"

"அந்த இடம் போனதுல உனக்கு வருத்தம்னு நெனச்சேன்."

"அவன் போனதுக்கு எனக்கு ஒண்ணும் இல்ல. ஒரு தடவை பாத்த மொகம். சோத்தைக் கொறைன்னு நீ எழுதினேல்லா, அன்னையிலருந்து நான் ஒரு வேளைதான் சாப்பிட்டேன். ராத்திரி வெறும் மோர். அம்மா அடிச்சிக்கூடப் பாத்தா. வகுப்பெடுக்கையில ரெண்டு தடவை மயங்கி விழுந்தேன். சுகர்தான் வந்துட்டுன்னு நெனச்சு யார்ட்டயும் சொல்லல. எனக்கும் கால் போயிரும்னு பயந்துட்டே கெடந்தேன். அப்பம்தான் உன் லெட்டர் வந்துது, எல்லாம் பொய்யின்னு. யார் மேல கோவப்படன்னு தெரியாம கிழிச்சிப் போட்டேன்."

என் கணவர் அப்போது கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கதவு திறந்துதான் இருந்தது. தங்கை குரலைத் தாழ்த்தவில்லை. நானும் தாழ்த்தச் சொல்லவில்லை. பேப்பர் மடிபடும் சத்தம் கேட்டது. பிறகு செருப்பு மாட்டும் சத்தம். ஏரிக்கரைக்குப் போகிறார் என்று தெரிந்தது. வழக்கமான நேரத்துக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. வெயில் கொளுத்தியது.

"அத்தானைக் கூப்பிடட்டுமா?" என்றாள் தங்கை.

"வேண்டாம். நடக்கட்டும்" என்றேன்.